ஏழாம் இலக்கத்துக்கு மூன்று விரல்

மாத்தளை நகரத்து ஹோட்டல் ஒன்றின் மேல்மாடி மண்டபத்தில் எங்கள் ஆய்வறிக்கையை வெளியிட்ட அன்று அங்கே இருந்தவர்கள் இவர்கள்: கொழும்பிலிருந்து வந்த ஒருங்கிணைப்பாளர் மேடம்; ஆய்வுக்குப் பணம் கொடுத்த நிறுவனத்திலிருந்து இருவர்; தமிழ், சிங்களப் பத்திரிகைகளின் பிரதேச நிருபர்கள் ஒன்பது பேர்; எல்கடுவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் நலன்புரி உத்தியோகத்தர்; பகல் சாப்பாட்டு நேரம் பார்த்து வந்து சேர்ந்த ஓர் அதிகாரி; திரைக்குப் பக்கத்தில் கம்பியூட்டரைத் தட்டிக்கொண்டிருந்த நான். இல்லாதவர்கள் இருவர். ஒருவர் அருளப்பன் அண்ணன், மற்றவர் பாக்கியம் அக்கா. அறிக்கையின் நான்காம் அத்தியாயம் அவர்கள் இருவருடைய கதைதான். அவர்களை நாங்கள் அழைக்கவில்லை. அழைத்தால் அவர்கள் யாரென்று தெரிந்துவிடுமாம்.

நிருபர்களின் வாழ்க்கையைக் கேட்டு எழுதும் இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கச்சிமாரே, எனக்கு முப்பது வயதுதான். ஓய்வு பெற்றவன் மாதிரி புத்தி சொல்கிறேன் என்று சிரிக்காதீர்கள். வருஷத்துக்கு வருஷம் புதுப்பித்த ஒப்பந்தத்தில் ஐந்து வருஷம் இருந்துவிட்டுப் போகிறவன் நான். மீண்டும் வரச் சொல்லி யாரும் கேட்கவில்லை, ஏன் கேட்கவில்லை என்பது இதை வாசித்தால் விளங்கும். ரெக்கோர்டரை எங்கே வைப்பது, பேச்சை எப்படி எழுத்தாக்குவது என்பதையெல்லாம் உங்களுக்கு இரண்டு நாள் பயிற்சியில் தேநீரோடும் கேக் துண்டோடும் சொல்லித் தருவார்கள். அங்கே சொல்லித் தராததை மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போய் முடித்தவன் நான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலைதான் எல்லாம். இந்த வேலை கிடைத்த அன்று அம்மா கேட்டார்:

"என்ன வேலைய்யா அது?"

"மத்தவங்க கதையக் கேக்கிற வேலைம்மா."

"கேக்கிறதுக்குக் காசு குடுக்கிறாங்களா? சொல்றவங்களுக்கு?"

"சொல்றவங்களுக்கு ஒண்ணும் இல்ல."

"அப்ப யாரு சொல்லப் போறா?" என்றுவிட்டு அம்மா கூடையை எடுத்துக்கொண்டு மலைக்கு நடந்துவிட்டார். ஆய்வு முறை பற்றி இதைவிட நல்ல கேள்வியை அந்த ஐந்து வருஷத்தில் எந்தக் கருத்தரங்கிலும் நான் கேட்கவில்லை.

ஆனால் சொன்னார்கள். நிருபர்களைப் பேச வைக்க ஒரு பாடும் பட வேண்டியதில்லை, நிறுத்துவதுதான் பாடு. பிறந்ததிலிருந்து சொல்லுங்கள் என்று கேட்டால் நேராகத் தலைப்புச் செய்தியில் போய் நிற்பார்கள். மாத்தளை மாவட்டத்தில் நடந்த ஒவ்வொரு விபத்துக்கும் வெள்ளத்துக்கும் ஒவ்வொரு நிருபரும் முதல் ஆளாகப் போயிருந்தார். லக்கலப் பக்கம் யானை மிதித்த வயலுக்கு நான்கு பேர் தனித்தனியே முதலாவதாகப் போய்ச் சேர்ந்ததாக என்னிடம் பதிவு இருக்கிறது. அந்தப் பக்கம் பஸ் நாளைக்கு ஒன்றோ இரண்டோ. நான்கு பேரும் ஒரே பஸ்ஸில்தான் போயிருக்க வேண்டும், ஒருவரை ஒருவர் பார்க்காமல். நானும் தலையை ஆட்டிக்கொண்டே குறித்தேன். குறுக்கே பேசக்கூடாது என்பது பயிற்சியில் முதலாம் விதி.

அருளப்பன் அண்ணன் வேறு மாதிரி. அலுவிகாரையில், பெரிய றோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே, சின்ன வீடு. சுவரில் மாதா படம், அதற்குக் கீழே ஒரு மேசை, மேசையில் சிவப்புப் பேனை. பிறந்தது எல்கடுவைப் பக்கத்துத் தோட்டத்தில். பதினெட்டு வயதில் தேயிலைத் தொழிற்சாலை மெஷினில் இடது கை மாட்டி இரண்டு விரல் போனது. மலைவேலைக்கும் ஆகாது, ஃபெக்டரிக்கும் ஆகாது என்று ஆனபிறகு, ஒரு பத்திரிகைக்குச் செய்தி அனுப்பத் தொடங்கி, அப்படியே முப்பது வருஷம். நியமனக் கடிதம் கிடையாது. செய்திக்கு மேலே அவர் பெயர் வந்ததும் கிடையாது, "மாத்தளை நிருபர்" என்றுதான் வரும்.

நாங்கள் ஒரு முறை வைத்திருந்தோம். தாளில் ஒரு கோடு போட்டுக் கொடுத்து, வாழ்க்கையின் மேடு பள்ளங்களை வரையச் சொல்வோம். மற்றவர்கள் நக்கிள்ஸ் மலைத்தொடரையே வரைந்து தந்தார்கள். இவர் நேராக ஒரு கோடு இழுத்தார். நடுவில் ஒரே ஒரு பள்ளம்.

"விரல் போன எடமாண்ணே?"

"விரலுக்கு என்ன தம்பி, அது போனா போச்சு. இது வேற."

அந்த வேறு எதுவென்று மூன்றாம் தடவை போனபோதுதான் சொன்னார். தான் பிறந்த அதே தோட்டத்தில், தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயம் ஒன்று எரிந்தது. ஆறு வீடு. உயிர்ச் சேதம் இல்லை, ஆனால் ஆறு குடும்பத்துக்கும் கட்டின துணியைத் தவிர மிச்சமில்லை. மழை, கடைசி பஸ் போய்விட்டது. அண்ணன் மலைக்கு ஏறாமல் நகரத்துக் கடையிலிருந்து தோட்டத்து ஒப்பீசுக்குப் போன் அடித்தார். பாக்கியம் என்ற பெண்ணின் வீட்டு மண்ணெண்ணெய்க் குப்பிலாம்பு சரிந்து தீப்பிடித்தது என்று ஒப்பீசில் சொன்னார்கள். அப்படியே எழுதினார். அப்படியே வந்தது, பாக்கியத்தின் பெயரோடு.

அடுத்த கிழமை மலைக்குப் போனார். தீப்பிடித்தது கூரைமேல் தோட்டத்தார் இழுத்திருந்த வயரில். அந்த வயர் பொறி பறக்கிறதென்று ஒப்பீசுக்குப் போய் இரண்டு தடவை முறையிட்டவரே பாக்கியம்தான். அண்ணன் திருத்தம் எழுதி அனுப்பினார், ஆறு வரி. பத்திரிகை போடவில்லை. திரும்ப அனுப்பினார். "பழைய செய்திக்கு எடமில்ல" என்றார்கள். அதன்பிறகு அந்தத் தோட்டத்தில் பாக்கியத்துக்கு வேறு பெயர்: குப்பிலாம்புக்காரி.

அந்தப் பெயரை எனக்குத் தெரியும். அதே தோட்டத்தின் பக்கத்து டிவிஷன் நாங்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அவர் வீட்டைத் தாண்டும் இடத்தில் எல்லாரோடும் சேர்ந்து நானும் கத்தியிருக்கிறேன். அதை நான் அண்ணனிடம் சொல்லவில்லை. குறுக்கே பேசக்கூடாதே.

"நீங்க எழுதுற புஸ்தகத்துல இதை என் பேரோட போடுங்க தம்பி," என்றார். "அந்த அம்மா பேரையும் போடுங்க. அவங்க மேல பிழை இல்லன்னு போடுங்க. பத்திரிகை குடுக்காத ஆறு வரி."

அப்போதுதான் சம்மதப் படிவத்தை நீட்டினேன். அந்தப் படிவத்தின் தமிழைப் பற்றிச் சொல்லி உங்களை வதைக்க மாட்டேன். அண்ணன் சிவப்புப் பேனையை எடுத்தார். முதல் பக்கத்தில் நான்கு எழுத்துப் பிழை திருத்தினார். இரண்டு வசனத்தை ஒன்றாக்கினார். பிறகு "உங்கள் பெயர் எவ்விடத்திலும் வெளியிடப்படமாட்டாது" என்ற வரியை வெட்டி, பக்கத்தில் "பெயர் போடவும்" என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்.

எனக்குக் கோபம் வந்தது. படிவம் கெட்டுவிட்டது என்ற கோபம். பையிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்தேன்.

"அண்ணே, இது சும்மா ஒரு ஃபோம். கையெழுத்து மட்டும் வைங்க. பேர் விசயத்தை நான் ஒப்பீஸ்ல பேசிக்கிறேன்."

"கட்டாயமா பேசுவீங்களா?"

"பேசுவேண்ணே."

அவர் வைத்தார். முப்பது வருஷமாக ஆட்களைக் கேள்வி கேட்டவர், என்னை அதற்குமேல் கேட்கவில்லை. நானும் அதே மலையில் பிறந்தவன் என்பதால் இருக்கலாம். இந்த ஆய்வில் நடந்த முதல் மோசடி அதுதான், செய்தவன் நான். மேடத்தைப் பற்றிப் பின்னால் எழுதப்போவதை வாசிக்கும்போது இதை மறந்துவிடாதீர்கள்.

ஒப்பீசில் பேசினேன்.

"பங்கேற்பாளர்களின் அடையாளத்தைப் பாதுகாப்பது நமது கடமை," என்றார் மேடம்.

"அவர் பாதுகாக்க வேணாங்கிறார் மேடம்."

"அது அவருக்கு விளங்காது. நமக்குத்தான் விளங்க வேண்டும்."

முப்பது வருஷம் செய்தி எழுதியவருக்குத் தன் பெயர் அச்சில் வந்தால் என்ன ஆகும் என்று விளங்காதாம். கொழும்பில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருப்பவருக்கு விளங்குமாம். "சரி மேடம்" என்றேன். என் ஒப்பந்தத்தை அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டியிருந்தது.

அறிக்கையில் அருளப்பன் அண்ணன் "ஏழாம் இலக்கப் பங்கேற்பாளர்" ஆனார். பாக்கியம் அக்கா "ஒரு தொழிலாளிப் பெண்" ஆனார். தோட்டத்தை அடையாளம் காட்டிவிடும் என்று வயரை எடுத்தார்கள். ஒப்பீசுக்குப் போன் அடித்ததை எடுத்தார்கள். அவர் அனுப்பிய திருத்தத்தைப் பத்திரிகைக்குச் சங்கடம் என்று எடுத்தார்கள். மிஞ்சியது இவ்வளவுதான்: ஏழாம் இலக்கம் ஒரு தீ விபத்தைப் பற்றிப் போய்ப் பார்க்காமல் பொய்யாக எழுதினார், அது இன்றும் அவரை உறுத்துகிறது. ஆனால் விரலை எடுக்கவில்லை. தேயிலை மெஷினில் இரண்டு விரலை இழந்து, மிஞ்சிய மூன்று விரலோடு செய்தித்துறைக்கு வந்த மனிதர் என்று அத்தியாயமே அங்கேதான் தொடங்குகிறது. மேடத்துக்கு அது மிகவும் பிடித்திருந்தது. "இதுதான் வளமான தரவு" என்றார்.

பெயரை மூடுகிறவர்கள் ஆளை அப்படியே விட்டுவைப்பதை நான் அப்போதுதான் பார்த்தேன். பிறகு நிறையத் தடவை பார்த்துவிட்டேன். நீங்களும் பார்ப்பீர்கள்.

அச்சுக்குப் போகுமுன் ஒரு விண்ணப்பம் எழுதினேன். ஒரு நாள் களத்துக்கு அனுப்புங்கள், அந்த அத்தியாயத்தை அவருக்கு வாசித்துக் காட்டிவிட்டு வருகிறேன் என்று. ஒரு நாள் படி மூவாயிரத்து ஐந்நூறு ரூபா. "களப்பணிக் கட்டம் நிறைவடைந்துள்ளது" என்று ஒரு வரியில் பதில் வந்தது. மாத்தளை பஸ் நிலையத்திலிருந்து அலுவிகாரைக்குப் பத்து நிமிஷம் ஓடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் சொந்தக் காசில் போயிருக்கலாம். அனுமதி இல்லை என்று சொல்லிக்கொண்டு நான் வீட்டில் இருந்தேன். அனுமதி இல்லாமல் எதையும் செய்ய இருக்கும் பயம் எனக்குப் பள்ளிக்கூடத்தில் படிப்போடு சேர்ந்து கிடைத்தது.

இப்படித்தான் அந்த மண்டபத்துக்கு வந்து சேர்ந்தோம்.

மேடம் நான்காம் அத்தியாயத்தை எடுத்தார். நான் திரையில் படத்தை மாற்றினேன். தேயிலை மெஷின், இரண்டு விரல், மூன்று விரல் என்று அவர் உருக்கமாக வாசித்து முடிக்கவில்லை, பின் வரிசையில் இருந்த சிங்களப் பத்திரிகை நிருபர் ஒருவர் துள்ளி எழுந்தார்.

"மே அப்பே அருள் நே!"

நம்ம அருள்தானே என்று அவர் சொன்னது விளங்காத ஆள், பணம் கொடுத்த இருவரைத் தவிர, மண்டபத்தில் ஒருவரும் இல்லை. நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், பழகிய ஆளைத் திரையில் கண்ட சந்தோஷம். சிரிப்பு கிளம்பியது.

"பங்கேற்பாளரின் அடையாளம் இரகசியமானது," என்றார் மேடம்.

"சரிதான் மேடம்," என்றார் ஒரு தமிழ் நிருபர். "மாத்தளையில மூணு விரலுள்ள நிருபர்மார் நெறைய பேர் இருக்காங்க. நாங்க கண்டுபிடிக்கவே மாட்டோம்."

மண்டபம் அதிர்ந்தது. பணம் கொடுத்தவர்கள் இருவரும் மொழி விளங்காமல் சேர்ந்து சிரித்தார்கள். மேடம் மேலே வாசித்தார். பொய்யான தீச் செய்தி வந்த இடத்தில் சிரிப்பு நின்றது. அதே தோட்டத்தில் எல்லாரும் வெல்பெயார் ஐயா என்று கூப்பிடும் நலன்புரி உத்தியோகத்தர் தன் டயறியை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார். சாப்பாட்டுக்குக் கோழி இருந்தது.

நான்கு நாளில் அண்ணன் போன் அடித்தார். "வாங்க" என்று மட்டும் சொன்னார்.

போனேன். அனுமதி கேட்கவில்லை. மேசையில் எங்கள் அறிக்கை, யாரோ நிருபர் கொடுத்தது. பக்கமெல்லாம் சிவப்பு.

"இருங்க தம்பி. டீ குடிப்பீங்களா?"

"வேணாண்ணே."

"குடிங்க. கோவத்துல டீ குடுக்காம அனுப்பினேன்னு இதையும் எழுதிறப் போறீங்க."

டீ வந்தது. அவர் குரல் உயரவில்லை.

"நேத்துத் தோட்டத்துப் பக்கம் போனேன். அந்த வெல்பெயார் ஐயா என்னத்தச் சொன்னாரோ, பொய் எழுதினவன் வாறான்னு ஒருத்தன் கத்துறான். சரி, எழுதினேன்தான். பத்திரிகையில என் போனை இப்ப எடுக்கிறதில்ல. அதுவும் போகட்டும். நான் ஒண்ணு கேக்கிறேன், குப்பிலாம்பு இல்ல, வயர்னு இதுல எங்க இருக்கு?"

"எடுத்துட்டாங்கண்ணே."

"அப்ப அந்த அம்மா இன்னும் குப்பிலாம்புக்காரிதானே?"

"ஆமாண்ணே."

"பேரோட போட்டிருந்தா, நானா முன்னுக்கு வந்து ஒத்துக்கிட்ட மாதிரி. பேர் இல்லாமப் போட்டீங்க, இப்ப நீங்க என்னைப் புடிச்சுக் குடுத்த மாதிரி. யாரு பிழை விட்டான்னு இல்லாத திருத்தம் என்ன திருத்தம் தம்பி? எங்க பத்திரிகை டெஸ்க்கே பரவாயில்ல. அவங்க ஒண்ணுமே போடல."

"மன்னிச்சிருங்கண்ணே. நானும் அந்த வீட்டுக்கு முன்னால அந்தப் பேரைச் சொல்லிக் கத்தினவன்தான்."

 அவர் மேசை இழுப்பறையைத் திறந்து, நான் கொடுத்திருந்த சம்மதப் படிவப் பிரதியை எடுத்தார். மடித்து வைத்திருந்தார். ஆறாம் பந்தியின் கீழே சிவப்புக் கோடு. "காரணம் எதுவும் கூறாமல் எவ்வேளையிலும் பங்கேற்பிலிருந்து விலகிக்கொள்ளலாம்."

"இதை எழுதினவங்க யாரும் வாசிச்சிருக்க மாட்டாங்க," என்றார். "நான் வாசிச்சேன். மேடத்துக்கிட்டச் சொல்லுங்க. ஒண்ணு, என் பேரு, அந்த அம்மா பேரு, வயரு, மூணையும் போட்டு அச்சடிக்கணும். இல்லாட்டி என்னை முழுசா எடுக்கணும், விரலோட."

அந்த நான்காம் அத்தியாயத்தைக் காட்டித்தான் அடுத்த மூன்று வருஷத்துக்கு மேடம் பணம் கேட்டிருந்தார். அதை எடுத்தால் அறிக்கையில் மிஞ்சுவது நான்கு பேர் முதலாவதாகப் போன யானைக் கதைகள். போனில் மேடத்திடம் விசயத்தைச் சொன்னேன். "அவர் நம்மை மிரட்டுகிறாரா?" என்றார்.

"இல்ல மேடம். நம்ம படிவத்தை வாசிச்சிருக்கார்."

"நீங்கள் யார் பக்கம்?"

அந்தக் கேள்விக்கு ஐந்து வருஷத்தில் முதல் தடவையாகச் சரியாகப் பதில் சொன்னேன். என் ஒப்பந்தம் ஏன் புதுப்பிக்கப்படவில்லை என்று இப்போது விளங்கியிருக்கும்.

சட்டத்தரணியிடம் போனார்கள். கூட்டம் வைத்தார்கள். பாக்கியம் அக்காவின் சம்மதம் வேண்டும் என்றார்கள், அதற்கு என்னைத்தான் அனுப்பினார்கள். களப்பணிக் கட்டம் மறுபடி உயிர்பெற்றது. லயத்து வாசலில் நின்று நான் விசயத்தைச் சொன்னேன். சின்ன வயதில் கத்தினதையும் சொன்னேன். அவர் கொழுந்து பறிக்கும்போது கட்டும் படங்குச் சாக்கை இடுப்பிலிருந்து அவிழ்த்துக்கொண்டே கேட்டார்.

"ஒனக்கு முன்னால கத்தினவனும் இருக்கான், பின்னால கத்தினவனும் இருக்கான். எல்லாரையும் நான் எங்க எண்ணி வைக்கிறது? எம் பேரைப் போடு. முழுப் பேரா போடு. இனிஷல் எம். அது விட்டுறாத."

முந்நூறு பிரதிகளையும் திருப்பி வாங்கினார்கள். தபாலில் போனவற்றுக்கு ஆள் அனுப்பினார்கள். புதிதாக அச்சடித்த அறிக்கையில் நான்காம் அத்தியாயத்தின் முதல் பக்கத்தில் அந்த ஆறு வரியும் வந்தன, அருளப்பன் அண்ணன் எழுதிக் கொடுத்தபடியே.

அதை எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் பஸ்ஸில் எல்கடுவைக்குப் போய், மிச்சத்தை நடந்தோம். கொழுந்தை எடை போட்டு முடித்து ஆட்கள் லயத்துக்கு வரும் நேரம். பொய் எழுதினவன் என்று கத்தியவனும் நின்றான். பாக்கியம் அக்கா எழுத வாசிக்கத் தெரியாதவர். "வாசிங்க," என்றார்.

அண்ணன் மூன்று விரலால் புத்தகத்தை ஏந்திக்கொண்டு வாசித்தார். முதலில் தன் பெயர், தன் ஊர். தான் எழுதிய செய்தி பிழை. தீ குப்பிலாம்பால் பிடிக்கவில்லை, தோட்டத்தார் இழுத்த வயரில் பிடித்தது. எம். பாக்கியம் அதைப் பற்றி முன்பே இரண்டு தடவை முறையிட்டிருந்தார். அவர் மேல் எந்தப் பிழையும் இல்லை.

 அண்ணன் புத்தகத்தை மூடப் பார்த்தார்.

"இன்னொருக்கா வாசிங்க," என்றார் பாக்கியம் அக்கா. "கொஞ்சம் சத்தமா. மூணாம் வீட்டுக்காரிக்குக் காது மந்தம். அவதான் ரொம்பக் கத்தினவ."

இரண்டாம் தடவையும் வாசித்தார், லயத்தின் கடைசி வீடு வரை கேட்கும்படி.

தம்பி தங்கச்சிமாரே, உங்களுக்கும் ஓர் ஏழாம் இலக்கம் கிடைப்பார். படிவத்தை நீட்டுமுன் அவருக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள், அனுமதி வந்தாலும் வராவிட்டாலும். இதை அறமென்று நினைத்துச் செய்ய முடியாதவர்கள் மேடத்தைப் போலக் கணக்குப் பார்த்தாவது செய்யுங்கள். மூவாயிரத்து ஐந்நூறு ரூபாவுக்கு முடிந்திருக்க வேண்டிய வேலை அது. மறுபதிப்பு, சட்டத்தரணி, பழைய பிரதிகளைத் திருப்பி எடுத்த செலவு எல்லாம் சேர்த்து அவர்கள் கடைசியில் கட்டியது இரண்டு லட்சத்து நாற்பத்தேழாயிரத்து அறுநூறு ரூபா.